முகத்தை மேயும் நோய்

1

கிரேக்க மொழியில் ‘நோமே’ என்றால் மேய்ச்சல். ஆடு ஒரு ஓரத்தில் வாய் வைக்கும், அப்படியே பக்கம் பக்கமாக நகரும், அது கடந்துபோன இடத்தில் வெறும் தரைதான் மிஞ்சும். உடம்பில் படர்ந்து தின்றுகொண்டே போகும் புண்களுக்குப் பழைய கிரேக்க மருத்துவர்கள் இந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். காலப்போக்கில் அந்தப் பொதுச்சொல் சுருங்கி ஒரே ஒரு நோயின் பெயராகிவிட்டது: நோமா. அது மேய்வது இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் முகத்தை.

2023 டிசம்பர் 15ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் நோமாவைப் ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ பட்டியலில் சேர்த்தது. அதோடு அந்தப் பட்டியலில் இருக்கும் நோய்கள் 21 ஆயின. செய்தியைப் படித்தபோது ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோய் என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படிக்கப் படிக்கத் தெரிந்தது வேறு கதை. இதைத் தெளிவாக விவரித்த ஐரோப்பிய மருத்துவக் குறிப்பு 1595லேயே இருக்கிறது. குறிப்புக்கும் பட்டியலுக்கும் நடுவில் 428 ஆண்டுகள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘வெப்பமண்டல நோய்’ என்று முத்திரை குத்தப்பட்ட இது முதலில் எழுதப்பட்டது குளிர்நாடான நெதர்லாந்தில்.

மருத்துவ வரலாற்றை நாம் பொதுவாகக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகத்தான் படிக்கிறோம். அம்மைக்குத் தடுப்பூசி, பென்சிலின், அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒவ்வொரு படியாக ஏறுவோம். நோமாவின் வரலாறு அப்படி மேலே ஏறுவதில்லை. ஒருகாலத்தில் தெரிந்திருந்ததை மறந்துபோன வரலாறு அது. இன்று நைஜீரியாவிலும் நைஜரிலும் புர்கினா ஃபாசோவிலும் ஒரு செவிலியரை உட்கார வைத்து நோமாவைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள் என்றால், மருத்துவம் தொலைத்த ஒன்றை அவர் கையில் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

2

முதலில் இந்த நோய் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். படிக்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நாள்கணக்கு புரியாமல் வரலாறு புரியாது.

ஒரு குழந்தை. பல மாதமாகச் சரியான சாப்பாடு இல்லை. கூழோ கஞ்சியோ கிடைக்கிறது, பருப்பு, முட்டை, பால் எல்லாம் எட்டாத பொருள்கள். அதற்குத் தட்டம்மை வருகிறது, அல்லது மலேரியா. காய்ச்சல் இறங்கிவிடுகிறது. வீட்டில் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த நேரத்தில் ஈறு சிவந்து வீங்கித் தொட்டால் ரத்தம் வருகிறது. இதைச் சுழியம் நிலை என்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ குழந்தைகளுக்கு வருவதுதான், பெரும்பாலோருக்கு இதோடு போய்விடும்.

சிலருக்குப் போகாது. ஈறில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் சதை அழுக ஆரம்பிக்கும். சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மூடும். வாயிலிருந்து தாங்க முடியாத நாற்றம் வரும், எச்சில் ஒழுகும், குழந்தை சாப்பிட மறுக்கும். இது முதல் நிலை. அடுத்து ஒரு பக்கக் கன்னமோ உதடோ வீங்கும். இது இரண்டாம் நிலை. அதுவரைக்கும் வெளியே பார்க்கிறவர்களுக்கு இது பல்வலி வீக்கம் மாதிரிதான் தெரியும். ஆனால் புண் உள்ளேயிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. சில நாளில் கன்னத்தில் ஒரு கருப்புப் புள்ளி தெரிகிறது. சதை செத்துவிட்டது. மூன்றாம் நிலை. அந்தக் கருப்பு விழும்போது அங்கே ஓட்டை இருக்கும், அதன் வழியே பல்லும் தாடை எலும்பும் தெரியும்.

ஈறில் ரத்தம் கசிவதிலிருந்து கன்னத்தில் ஓட்டை விழும் வரைக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் போதும். சிகிச்சை கிடைக்காவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை இறந்துபோகலாம். பிழைப்பவர்களுக்கு நான்காம் நிலையில் தழும்பு இறுகும், தாடை பூட்டிக்கொள்ளும், வாயைத் திறக்க முடியாது. ஐந்தாம் நிலை என்பது ஆயுள் முழுக்க அந்த முகத்தோடு வாழ்வது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் நிலையில், இரண்டாம் நிலையிலும்கூட, இதை நிறுத்திவிட முடியும். அதற்குத் தேவை அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், வாய் கொப்பளிக்கக் குளோர்ஹெக்ஸிடின் அல்லது வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், வைட்டமின் ஏ, புரதச்சத்துள்ள சாப்பாடு. நம்மூர்த் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கிற சரக்குதான் எல்லாம். நோமா ஒட்டுவாரொட்டியும் இல்லை. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் பரவாது. இதை உண்டாக்கும் தனிக் கிருமி என்று எதையும் கைகாட்டவும் முடியவில்லை. வாயில் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களே, காவல் இல்லாத வீட்டில் புகுந்த மாதிரி, பலவீனமான உடம்பில் கூட்டமாகச் சேர்ந்து செய்கிற வேலை இது.

ஆக, மருந்து மலிவு, நோயோ கொடூரம். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியது ஒரே ஒரு ஆள்: குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்த்து, பார்ப்பது என்னவென்று தெரிந்த ஒருவர்.

3

1595ல் கரோலஸ் பாட்டஸ் என்ற மருத்துவர் டச்சு மொழியில் எழுதிய அறுவை சிகிச்சைக் கையேட்டில் குழந்தைகளின் வாயில் வேகமாகப் பரவும் ஓர் அழுகலை விவரிக்கிறார். அதற்கு அங்கே ‘நீர்ப்புற்று’ என்று பொருள்படும் ஒரு பெயர் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கார்னேலிஸ் வான் டெ வோர்டெ என்ற இன்னொரு டச்சு மருத்துவர்தான் குழந்தைகளின் இந்த முக அழுகலுக்கு ‘நோமா’ என்ற பெயரைத் தனியாக வைத்தார். இந்தக் கதையைத் தோண்டி எடுத்து எழுதியவரும் ஒரு டச்சுக்காரர், க்ளாஸ் மார்க் என்கிற பிளாஸ்டிக் சர்ஜன். ஆப்பிரிக்காவில் நோமாவுக்கு அறுவை சிகிச்சை செய்யப்போன அவருக்கு, இது தன் சொந்த ஊரின் பழைய நோய் என்று தெரியவந்தது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருத்துவர்களுக்கு நோமா நன்றாகவே தெரியும். தொழிற்புரட்சி நகரங்களின் சேரிகள், அநாதை இல்லங்கள், ஏழைகளுக்கான மருத்துவமனைகள் என்று எங்கெல்லாம் குழந்தைகளை அடைத்து அரைவயிறு போட்டார்களோ அங்கெல்லாம் வந்தது. 1848ல் ஸ்ட்ராஸ்பூர்கில் டூர்ட் என்பவர் தன் ஆய்வேட்டை நோமா பற்றி எழுதினார். மோசமான சுகாதாரத்தில் வாழும் குழந்தைகள், அதற்குமுன் வந்த காய்ச்சல், வாய்க்குள் சின்னப் புண், முகத்தில் வீக்கம், உள்ளிருந்து வெளியே பரவும் அழுகல், சீக்கிரமே சாவு. அவர் வரையறையில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. இன்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவதும் பெரும்பாலும் இதே வரிசைதான். அமெரிக்காவிலும் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஓர் அநாதை இல்லத்தில் தட்டம்மைக்குப் பின்னால் 16 குழந்தைகளுக்கு நோமா வந்ததை 1901ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது.

தெரிந்திருந்தது என்றேன். எல்லாம் தெரிந்திருந்தது என்று பொருளில்லை. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களின் கையில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் ‘கேலமல்’ இருந்தது. பாதரச உப்பு. அதிகமாகக் கொடுத்தால் பாதரசமே வாயை அழுகவைக்கும். காய்ச்சலில் கிடந்த நோயாளிக்குக் கேலமல் கொடுப்பார்கள், பிறகு அவன் வாய் அழுகும். அழுகியது நோயாலா, மருந்தாலா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கார்ல்டன் பர்கன் என்ற இளம் வீரனுக்கு இதுதான் நடந்தது. 1862ல் காய்ச்சலுக்குக் கேலமல் கொடுத்தார்கள். நாக்கில் புண் வந்து, மேலண்ணம், கன்னம், ஒரு கண் என்று போனது. கர்டன் பக் என்ற நியூயார்க் அறுவை மருத்துவர் பல கட்டமாக அந்த முகத்தைத் திரும்பக் கட்டினார். முன்னும் பின்னுமாக எடுத்த புகைப்படங்கள் முக அறுவை சிகிச்சை வரலாற்றில் பிரபலம். அடுத்த வருடம், 1863 மே மாதம், ராணுவத்தின் தலைமை மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் கேலமலை ராணுவ மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார். பாதரச அழுகலையும் ஒரு காரணமாகச் சொன்னார். மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். ‘கேலமல் கலகம்’ என்றே அதற்குப் பெயர். 1864ல் ஹாமண்டை ராணுவ நீதிமன்றம் பதவியிலிருந்து தூக்கியதில் இந்தப் பகைக்கும் பங்குண்டு.

சிகிச்சை கொடுப்பவர் வாய்ப்புண்ணைச் சரியாக அடையாளம் காணாவிட்டால் சும்மா இருந்துவிடுவார் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தெரியாதபோதும் கை எதையாவது செய்துகொண்டுதான் இருக்கும்.

4

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோமா ஐரோப்பாவைவிட்டுப் போயிற்று. எப்படி என்பதுதான் முக்கியம். சல்ஃபா மருந்துகள் வந்தது 1930களில், பென்சிலின் பரவலாகக் கிடைத்தது 1940களில். நோமா அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. அதை யாரும் விரட்டவில்லை. கூலி கொஞ்சம் உயர்ந்தது, பரம ஏழையின் வீட்டிலும் குழந்தைக்குப் போதுமான சாப்பாடு கிடைத்தது, அவ்வளவுதான். அதற்கு ஒரு மறைமுகச் சாட்சியும் உண்டு. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்களுக்கு ஈறு அழுகல் வந்தது, ஆங்கிலத்தில் அதற்கு ‘டிரெஞ்ச் மவுத்’ என்றே பெயர். நோமாவின் முதல் நிலையும் கிட்டத்தட்ட அதே நோய்தான். வாய் சுத்தமில்லை, தூக்கமில்லை, பயம். ஆனால் ரேஷன் வந்துகொண்டிருந்தது. ஈறு அழுகியது, முகம் தப்பியது.

மென்பொருள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் ஒரு பிழையைப் புகார் செய்வார். நாம் நம் கணினியில் அதே படிகளைச் செய்து பார்ப்போம். வராது. ‘மீண்டும் நிகழ்த்த முடியவில்லை’ என்று எழுதி அந்த டிக்கெட்டை மூடிவிடுவோம். பிழை தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. பிழை வரத் தேவையான சூழல் நம் கணினியில் இல்லை என்பது மட்டுமே உண்மை. வாடிக்கையாளரின் கணினியில் அது தினமும் வந்துகொண்டேதான் இருக்கும்.

ஐரோப்பிய மருத்துவம் நோமாவின் டிக்கெட்டை இப்படித்தான் மூடியது என்று எனக்குத் தோன்றுகிறது. பேராசிரியர்களுக்கு நோயாளி கிடைக்கவில்லை. மாணவர்கள் பார்க்கவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் ஒரு பத்தியாகி, பத்தி ஓர் அடிக்குறிப்பானது. அந்தப் புத்தகங்கள்தான் பிறகு காலனிகளுக்குப் போயின. உதாரணமாக, நைஜீரியாவின் இபாதானில் 1948ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. லண்டனில் காணாமல்போன நோய் இபாதான் மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. 1966ல் மைக்கேல் டெம்பெஸ்ட் என்ற அறுவை மருத்துவர் இபாதானில் தான் பார்த்த நோயாளிகளை வைத்து ஒரு பிரிட்டிஷ் இதழில் விரிவாக எழுதினார். நைஜீரிய ஆய்வாளர் சிரில் என்வொன்வு பல பத்தாண்டுகள் ஊட்டச்சத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைத் துரத்தினார். 2006ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே இதைக் கடும் வறுமையின் புண் என்று அழைக்கிறது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாமிலும் வங்காளத்திலும் காலா அசார் காய்ச்சலில் நலிந்துபோனவர்களுக்கு இந்த வாய் அழுகல் வந்தது. அங்கே இருந்த மருத்துவர்களுக்கு அது சாவின் அறிகுறியாகவே பழகியிருந்தது.

5

நடுவில் ஐரோப்பாவுக்கே அது ஒருமுறை திரும்பி வந்தது. சூழலை மனிதர்களே திட்டமிட்டு உருவாக்கியபோது.

1943ல் ஆஷ்விட்ஸ்–பிர்கெனாவில் ரோமா மக்களைக் குடும்பம் குடும்பமாக அடைக்க ஒரு முகாம் திறந்தார்கள். பட்டினியும் தொற்றுநோயும் நிறைந்த அந்த முகாமில் குழந்தைகளுக்கு நோமா வந்தது. முகாமின் மருத்துவன் யோசஃப் மெங்கலே. அவனுக்கு இதில் ஆர்வம் வந்தது. பசிதான் காரணம் என்று கண்முன்னால் தெரிந்தபோதும் ரோமா இனத்தின் ரத்தத்தில் அதற்கு விடை தேடினான். ஆய்வைச் செய்ய ஒரு கைதியை நியமித்தான். அவர் பெர்டோல்ட் எப்ஸ்டைன், பிராகில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த யூதர், தஞ்சம் புகுந்த நார்வேயிலிருந்து பிடித்துக்கொண்டுவரப்பட்டவர்.

எப்ஸ்டைனின் கண்காணிப்பில் இருந்த குழந்தைகளுக்குக் கூடுதல் உணவும் சல்ஃபா மருந்தும் கிடைத்தன. சிலருக்குப் புண் ஆறத் தொடங்கியது. சாப்பாடு கொடுத்தால் நோமா நிற்கும் என்பது பட்டினி போட்ட இடத்திலேயே நிரூபணமானது. 1944 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு அந்த முகாமையே கலைத்தார்கள். மிச்சமிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். குழந்தைகளும் அதில் உண்டு.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. ‘நோயை அடையாளம் காண்பது’ என்பதை நான் இதுவரை நல்ல சொல்லாகவே பயன்படுத்தி வந்தேன். மெங்கலேயும் அடையாளம் கண்டான், படம் எடுத்தான், பதிவு செய்தான். பார்ப்பது மட்டும் போதாது. யாருக்காகப் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் அறிவு என்று சொல்ல வேண்டும்.

6

இப்போது சொகோட்டோவுக்கு வருவோம். நைஜீரியாவின் வடமேற்கு மூலை, சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரம். நோமாவுக்கென்றே தனியாக இங்கே 1999ல் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. 2014லிருந்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அதற்குத் துணைநிற்கிறது. வருடத்துக்குச் சில முறை வெளியிலிருந்து அறுவை மருத்துவர் குழுக்கள் வந்து இறுகிப்போன தாடைகளைத் திறக்கிறார்கள், இல்லாத உதட்டை உருவாக்குகிறார்கள். மகத்தான வேலைதான். ஆனால் அது பிழைத்தவர்களுக்கான வேலை. புண் ஆறிப் பல மாதம் கழித்தே கத்தி வைக்க முடியும். அந்த மேசைக்கு வந்து சேராதவர்கள்தான் அதிகம்.

அங்கே ஹவுசா மொழியில் நோமாவை ‘சிவோன் இஸ்கா’ என்கிறார்கள். ‘இஸ்கா’ என்றால் காற்று. கண்ணுக்குத் தெரியாத ஆவிக்கும் அதே சொல்தான். நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, ‘காத்து கருப்பு அடிச்சிருக்கு’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காற்று அடித்த குழந்தையை முதலில் யாரிடம் தூக்கிப்போவார்கள்? ஊரில் இருக்கும் நாட்டு வைத்தியரிடம். எலிஸ் ஃபார்லி என்ற ஆய்வாளர் தன் குழுவோடு வடமேற்கு நைஜீரிய நாட்டு வைத்தியர்களிடம் பேசி 2020ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வைத்தியம் பார்க்கிறார்கள், ஆனால் பார்ப்பது என்ன நோய் என்று அவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

நாட்டு வைத்தியரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆங்கில மருத்துவம் படித்தவர்களின் நிலை என்ன? ஜாம்பியாவின் ஊரக மாவட்டம் ஒன்றில் சுகாதாரப் பணியாளர்களைக் கேட்டு 2017ல் வெளியான ஆய்வும், புர்கினா ஃபாசோவில் பின்னர் நடந்த ஆய்வும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: நோமாவைக் கண்டறிந்து கையாளும் அளவுக்குப் பணியாளர்களிடம் அறிவு இல்லை. அவர்கள் கற்ற பாடத்தில் அது இல்லை. அடிக்குறிப்பாகிப்போன அந்த அத்தியாயத்தின் விலையை இங்கே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிரிவு 2016ல் நோமாவுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. நிலைவாரியாகப் படங்கள், நிலைவாரியாகச் சிகிச்சை. பயிற்சியில் முதலில் கற்றுத்தருவது ஒரு அசைவு: குழந்தையின் மேலுதட்டையும் கீழுதட்டையும் விரலால் தூக்கி, டார்ச் அடித்து ஈறைப் பார். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல் என்று வரிசையில் நிற்கும் ஐம்பது குழந்தைகளில் யாருடைய வாயையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. வாய் என்பது பல் டாக்டரின் வேலை. பல் டாக்டரோ பல நூறு மைல் தள்ளி இருக்கிறார்.

அடுத்து, கேள்விகள். சமீபத்தில் தட்டம்மை வந்ததா? தடுப்பூசி போட்டாயிற்றா? சாப்பிட மறுக்கிறதா? வாய் நாறுகிறதா? பிறகு புயத்தின் சுற்றளவு. நம்மூர் அங்கன்வாடியிலும் இருக்கிற அந்த நிறப்பட்டைதான். 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, கடும் ஊட்டச்சத்துக் குறைவு. இந்தப் பட்டையைப் பிடித்து அளக்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கிறார்கள், தடுப்பூசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புதிதாக ஒரு படையைத் திரட்ட வேண்டியதில்லை. அளக்கும் கை, அளந்த பிறகு உதட்டையும் ஒருமுறை தூக்க வேண்டும். அவ்வளவுதான் கூடுதல் வேலை.

அதற்குமேல் நிலைக்கு ஒரு பாடம். வெறும் ஈறு வீக்கமென்றால் வாய்ச் சுத்தமும் சாப்பாடும். அழுகல் தொடங்கியிருந்தால் ஆன்டிபயாட்டிக். கன்னம் வீங்கியிருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பு. சதை கருத்துவிட்டால் உயிரைக் காப்பாற்றுவதே முதல் வேலை. திரவம், உணவு, ஊசி மருந்துகள், காயத்துக்குத் தேன் வைத்துக் கட்டும் முறை. தழும்பு இறுகும் காலத்தில் தாடை பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் வாய் திறக்கும் பயிற்சி. இதோடு முக்கியமாக ஒன்று: இது ஒட்டாது, யாருடைய பாவமும் இல்லை, குழந்தையை ஒளித்துவைக்காதே என்று தாயிடம் சொல்வது. நாட்டு வைத்தியர்களையும் இந்தப் பயிற்சிக்குள் கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். நோய் அடைக்கலம் தேடிப்போகும் முதல் கதவு அவர்களுடையது.

லாவோஸில் நடந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். நோமா ஆப்பிரிக்காவின் நோய் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, லாவோஸில் வேலை பார்த்த லீலா ஸ்ரூர் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்களிடம் நோமாவைக் கண்டு 2008ல் எழுதினார். நோய் புதிதாக அங்கே போகவில்லை. பார்த்தால் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் புதிதாகப் போயிருந்தார்.

7

சரி, எத்தனை குழந்தைகளுக்கு வருகிறது? உலக சுகாதார நிறுவனம் 1998ல் ஒரு மதிப்பீடு சொன்னது: வருடத்துக்கு 1,40,000 புதிய நோயாளிகள். 2003ல் வடமேற்கு நைஜீரியத் தரவை வைத்துக் கணக்கிட்டவர்கள் உலகம் முழுக்க 30,000 முதல் 40,000 என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு லட்சம் குழந்தைகள். இந்த இடைவெளி வெறும் கணக்குத் தகராறு இல்லை. இரண்டு வாரத்தில் வீட்டுக்குள்ளேயே செத்துப்போகிற குழந்தை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஏறினாலும் காய்ச்சல் என்று ஏறும். எண்ணிக்கை இல்லாததால் நிதி இல்லை, நிதி இல்லாததால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாததால் எண்ணிக்கை இல்லை. தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு முடியாமல் சுழலும் நிரல் மாதிரி. நைஜீரியா முன்னின்று 30க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்த்துக்கொண்டு இந்த நோயைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் போராடியதற்கு இதுதான் காரணம். ஒரு பட்டியல் என்பது ஆராய்ச்சிக்கும் பணத்துக்கும் பாடத்திட்டத்துக்கும் வாசல்.

அந்தப் போராட்டத்தில் பிழைத்தவர்களும் நின்றார்கள். முலிகாட் ஒகான்லாவோன் சிறுவயதில் நோமா வந்து, சொகோட்டோவில் சிகிச்சை பெற்று, அதே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஃபிடல் ஸ்ட்ரூப் புர்கினா ஃபாசோவில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்பவர். இருவரும் சேர்ந்து ‘எலிசியம்’ என்ற பிழைத்தவர்களின் சங்கத்தைத் தொடங்கினார்கள். பயிற்சிக் கையேட்டில் ஐந்தாம் நிலை என்று ஒரு படமாக இருந்தவர்கள் மேடையேறிப் பேசினார்கள்.

8

ஒரு சங்கடமான கேள்வி மிச்சமிருக்கிறது. ஐரோப்பா ஒரு செவிலியருக்கும் பயிற்சி கொடுக்காமல், வயிற்றுக்குச் சோறு போட்டே நோமாவை ஒழித்ததே. அப்படியிருக்க, ஆப்பிரிக்கச் செவிலியருக்கு டார்ச் லைட்டும் கையேடும் கொடுப்பது பசியைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கிற வழிதானா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். 2012ல் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு ஜீன் ஜீக்லர் முன்னின்று கொண்டுவந்த ஆய்வு இதையே வேறு விதத்தில் சொன்னது: நோமா மருத்துவப் பிரச்சினை மட்டுமில்லை, குழந்தைகளின் உணவுரிமை மீறப்பட்டதன் அடையாளம். மருந்து கொடுத்து அனுப்பிய குழந்தை அதே காலிப் பானைக்குத்தான் திரும்பிப்போகிறது.

ஆனாலும் பயிற்சியின் பக்கம்தான் நான் நிற்பேன். ஐரோப்பாவில் கூலி உயர்ந்து, சாப்பாடு கூடி, நோமா மறைய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த நூறாண்டில் செத்தவர்களை யாரும் எண்ணவில்லை. வறுமை ஒழியட்டும் என்று காத்திருக்கும் காலக்கணக்கு நாடுகளுக்குச் சரி. ஈறில் ரத்தம் கசியும் குழந்தைக்கு இருப்பது பதினாலு நாள். இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பெரிய கடிகாரத்தைக் காட்டிச் சின்னதைப் பார்க்க மறுப்பதும் ஒரு வகைப் புறக்கணிப்புதான்.

அது மட்டுமில்லை. பசியைப் பற்றிச் சாட்சி சொல்லவும் ஆள் வேண்டும். பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் ஒரு வாயைத் திறந்து பார்த்து ‘நோமா, முதல் நிலை’ என்று பதிவேட்டில் எழுதும்போது ஒரு குழந்தைக்கு மருந்து கிடைக்கிறது. கூடவே அந்த ஊரில் சாப்பாடு இல்லை, தட்டம்மை ஊசி வந்து சேரவில்லை, தண்ணீர் சரியில்லை என்கிற செய்தியும் அரசாங்கத்தின் தாளில் ஏறிவிடுகிறது. காய்ச்சலில் செத்தது என்று எழுதினால் அது விதி. நோமா என்று எழுதினால் அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சொகோட்டோவைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மருத்துவமனையின் களக்குழுக்கள் போகின்றன. கையில் நிலைவாரியான படங்கள் கொண்ட அட்டைகள். ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசி, குழந்தைகளை மரத்தடியில் உட்கார வைத்து, ஒவ்வொரு உதடாகத் தூக்கிப் பார்க்கிறார்கள். பெரும்பாலான வாய்களில் ஒன்றும் இருக்காது. ஏதோ ஒன்றில் பல்லுக்கு நடுவே சாம்பல் நிறம் தெரியும். 1848ல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஒருவர் எழுதிவைத்ததும் அதே புண்தான். அதைக் கண்டவர் தாயைக் கூப்பிட்டு, இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்கிறார்.